சாட்ஸ்வர்த்தில் நான்கு சனிக்கிழமை: எந்தப் படம், எப்படிப் போடுவது

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். ஒரு மாதத்துக்குச் சனிக்கிழமைதோறும் அண்மையில் வந்த தமிழ்ப்படம் ஒன்றைக் காட்ட எண்ணம். ஆயா, தாத்தாமார் முதல் பத்து வயதுப் பிள்ளைகள் வரை நாற்பது பேர் வருவார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் காதில் விழும், முழுதாகப் புரியாது. போனமுறை படம் போட்டபோது சப்டைட்டில் போகப்போகப் பின்தங்கியது, இடைவேளையோடு நிறுத்திவிட்டோம். எந்தப் படங்களைப் போடலாம்? சப்டைட்டில் ஏன் அப்படி ஆனது?

பதில்:

சப்டைட்டிலிலிருந்தே தொடங்குகிறேன். அது சரியாகாவிட்டால் எந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தும் பயனில்லை. உங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்குப் படம் என்பதே அந்த இரண்டு வரிதான்.

போகப்போகப் பின்தங்கியது என்று சொல்வதிலேயே காரணம் தெரிகிறது. சினிமா நொடிக்கு 24 பிரேம் கணக்கில் எடுக்கப்படுகிறது. தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் டிவிடிக்குப் பழகிய ‘பால்’ (PAL) என்ற காணொளி முறை நொடிக்கு 25 பிரேம். 24-இல் எடுத்ததை 25-இல் ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த வட்டுக்கு, 24 பிரேம் கணக்கில் செய்த சப்டைட்டில் கோப்பைச் சேர்த்தால் 10 நிமிடத்துக்கு 25 நொடி பின்தங்கும், ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம். முதல் காட்சியில் யாருக்கும் தெரியாது. அரை மணி கழித்துப் பெரியவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் பிள்ளைகளுக்கு நகைச்சுவை வரும்.

படம் ஓட்டும் மென்பொருளான வி.எல்.சி-யில் ஜி விசையைத் தட்டித் தட்டி இதைச் சரிசெய்யப் பார்ப்பார்கள். ஒரு தட்டுக்கு சப்டைட்டில் 50 மில்லி நொடி முன்னால் வரும், எச் தட்டினால் அதே அளவு பின்னால் போகும். படம் முழுதும் ஒரே அளவு தள்ளியிருந்தால்தான் அது உதவும். இடைவெளி வளர்ந்துகொண்டே போனால் உதவாது. அதற்கு ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, பிரேம் வேகத்தை 24-இலிருந்து 25-க்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

இன்னும் இரண்டு கோளாறுகள் உண்டு. தயாரிப்பு நிறுவனங்களின் சின்னங்களும் புகையிலை எச்சரிக்கையும் ஒரு பிரதியில் இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால், முதல் வசனத்திலிருந்தே ஒரே அளவு தள்ளியிருக்கும். இதற்கு ஜி, எச் போதும். படத்தின் நடுவில் காட்சியை வெட்டியிருந்தால் அதுவரை சரியாக ஓடி, அந்த இடத்தில் திடீரென்று குதிக்கும். அதற்கு வெட்டு விழுந்த இடத்துக்குப் பிறகுள்ள வரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து நகர்த்த வேண்டும். வெள்ளிக்கிழமை இரவே முதல் வசனம், நடுவில் ஒரு வசனம், கடைசி வசனம் என்று மூன்று இடங்களில் நிறுத்திப் பாருங்கள். எந்தக் கோளாறு என்று அந்த மூன்றும் சொல்லிவிடும்.

வரிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஒரு வரிக்கு 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி, நொடிக்கு 17 எழுத்து என்பது பரவலான அளவு. வயதானவர்களும் பிள்ளைகளும் கலந்த கூட்டத்துக்கு 14, 15 போதும். அதற்குமேல் ஓடுகிற வரிகளைச் சுருக்குங்கள். உறவுமுறைச் சொற்களை மட்டும் தொடாதீர்கள். அண்ணா, ஆயா, தாத்தா, பெரியம்மா எல்லாம் டர்பன் வீடுகளில் ஆங்கிலம் பேசும்போதும் புழங்கும் சொற்கள். மாமாவும் சித்தப்பாவும் பெரியப்பாவும் மூவருமே ‘அங்கிள்’ என்று வந்தால், யார் பெண்ணை யார் கட்டலாம் என்பதே பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் போய்விடும். தமிழ்ப் படங்களில் பாதிக் கதை அதில்தான் இருக்கிறது.

அனுமதி பற்றிச் சுருக்கமாக. வீட்டுச் சந்தாவில் ஓடும் ஸ்ட்ரீமிங் படத்தை மண்டபத்தில் போட அந்தச் சந்தா இடம் தராது. வெளியீட்டு உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்கும்போதே ஆங்கில சப்டைட்டில் கோப்பைத் தனியாகத் தரும்படியும், வரிகளைத் திருத்தச் சம்மதம் தரும்படியும் சேர்த்துக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் படங்களுக்கு வயது வரம்பு வழங்குவது 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் எஃப்.பி.பி என்ற தணிக்கை வாரியம். பிஜி, 13, 16 என்று எது விழுந்திருக்கிறது என்று பார்த்துப் பெற்றோருக்கு முன்பே சொல்லுங்கள்.

மண்டபத்துக்கு 3 மீட்டர் அகலத் திரை போதும். 16-க்கு 9 விகிதத்தில் உயரம் 1.69 மீட்டர் வரும். கடைசி வரிசை திரையிலிருந்து 10 மீட்டரைத் தாண்டினால் பெரியவர்களால் சப்டைட்டில் படிக்க முடியாது. எழுத்தின் உயரத்தைத் திரை உயரத்தில் இருபதில் ஒரு பங்கு வையுங்கள், அதாவது சுமார் எட்டு செ.மீ. சினிமாஸ்கோப் படம் அந்தத் திரையில் 1.25 மீட்டர் உயரம்தான் பிடிக்கும், மேலும் கீழும் 22 செ.மீ. கறுப்புப் பட்டை மிஞ்சும். சப்டைட்டிலை அந்தக் கீழ்ப்பட்டைக்கு இறக்கிவிட்டால் வெள்ளை வேட்டியின் மேல் வெள்ளை எழுத்து விழும் தொல்லை தீர்ந்தது. முன்வரிசைத் தலைகள் மறைக்காதபடி திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 1.2 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஒலியில் பெரும்பாலும் நடக்கும் தவறு ஒன்று. ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஒலித்தடத்தில் வசனம் நடு ஸ்பீக்கருக்குரியது. உங்களிடம் இருப்பது இரண்டு ஸ்பீக்கர். கணினி ஒலியமைப்பு 5.1 என்றே கிடந்தால் இசை முழங்கும், பேச்சு மட்டும் கேட்காது. அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். ஸ்பீக்கர்களை உட்கார்ந்தவர் காது உயரத்துக்குச் சற்று மேலே, திரையின் இரு பக்கமும் வையுங்கள். மேடையின் கீழே வைத்தால் முதல் வரிசையே ஒலியை விழுங்கிவிடும்.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். புரொஜெக்டர் 300 வாட், ஒலிபெருக்கி 100, கணினி 60 என்று வைத்தால் மூன்று மணி நேரத்துக்கு 1.4 யூனிட் வேண்டும். 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், ஒரு மணி நேரத்தோடு சரி. அதே அளவு லித்தியம் இரண்டரை மணி நேரத்துக்கு வரும். விளக்குவகைப் புரொஜெக்டர் மின்வெட்டில் அணைந்தால் விளக்கு ஆறும்வரை மறுபடி எரியாது. பத்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் டீ கொடுத்துவிடுங்கள்.

இனிப் படங்கள். தமிழ் பாதி புரியும் கூட்டத்துக்கு இரண்டு வகைதான் எடுபடும். ஒன்று, கதை கண்ணுக்கே தெரியும் படம். மற்றது, தமிழ் மொழியே கதையாக இருக்கும் படம். வசனத்திலேயே சிலம்பமாடும் படங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்கள் மண்டபத்தில் பாதி இருக்கைகளுக்கு எட்டாது. வரிசையும் முக்கியம். எளிதில் உள்ளே இழுப்பது முதலில், மனத்தைக் கனக்க வைப்பது நடுவில், பேச வைப்பது கடைசியில்.

முதல் சனிக்கிழமைக்கு ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025). அபிஷன் ஜீவிந்த்தின் முதல் படம். இலங்கையிலிருந்து படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கும் குடும்பம் சென்னையில் ஒளிந்து வாழப் பார்க்கிறது. வாயைத் திறந்தால் ஈழத்தமிழ் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அக்கம்பக்கத்தில் பேசவே கூடாது என்று கட்டளை. பேச்சே ஆபத்தாகும் இந்தக் கதையில் ஆங்கில சப்டைட்டில் இரு தமிழையும் ஒரே ஆங்கிலமாக்கிவிடும், சிக்கல் எங்கே என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. படத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பலகையில் எழுதுங்கள்: அங்கே (ஈழத்தில்) கதைப்பது, இங்கே (தமிழ்நாட்டில்) பேசுவது, அங்கே வடிவு, இங்கே அழகு, அங்கே விளங்குதா, இங்கே புரியுதா. பிறகு மூன்றாவது பத்தியாக உங்கள் வீட்டு ஆயாக்கள் சொல்லும் சொல்லையும் எழுதச் சொல்லுங்கள். டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு அந்தக் காலத்தில் வந்தவர்களில் பலர் வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, சித்தூர்ப் பக்கத்தவர்கள். அந்தத் தமிழுக்கும் ஒரு பத்தி உண்டு என்று தெரிந்தால் பிள்ளைகள் படத்தை வேறு காதோடு கேட்பார்கள்.

சசிகுமாரும் சிம்ரனும் மிகையில்லாமல் செய்திருக்கிறார்கள். இளைய மகனாக வரும் கமலேஷ் படத்தைத் தூக்கி நிறுத்துகிறான். குறை என்றால், தெருவில் உள்ள அத்தனை பேரும் கடைசியில் நல்லவர்களாகிவிடுவது. அகதி வாழ்வின் கசப்பு சர்க்கரைப் பாகில் கரைந்துவிடுகிறது. காவல்துறை தேடும் கிளைக்கதை பயமுறுத்த வந்து பயமுறுத்தாமலே போகிறது. இருந்தாலும் மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க, அண்மைப் படங்களில் இதைவிடப் பொருத்தமானது இல்லை.

இரண்டாவது ‘லப்பர் பந்து’ (2024), தமிழரசன் பச்சமுத்து இயக்கியது. கிரிக்கெட்டை விளக்கவே வேண்டாத ஊர் உங்களுடையது, அதனால் பாதிப் படம் தானாகப் புரியும். தினேஷ் நடித்த ‘கெத்து’ உள்ளூர் அணியின் அடித்தாடும் வீரர், சுவருக்குச் சாயமடிக்கும் தொழிலாளி, விஜயகாந்த் ரசிகர். அவரை வீழ்த்தத் தெரிந்த இளம் பந்துவீச்சாளன் ஹரிஷ் கல்யாண். அவன் காதலிப்பது கெத்துவின் மகளைத்தான். மாமனார், மருமகன் வீம்பு என்ற பழைய சரக்கை மைதானத்துக்குக் கொண்டுவந்ததில் என்ன புதுமை என்றால், இருவரில் ஒருவரைக்கூட வில்லனாக்கவில்லை. சுவாசிகா நடித்த யசோதை கணவனுக்கு அடங்கிய மனைவியும் இல்லை, அழுது தீர்ப்பவளும் இல்லை. படத்தில் எழுத்து மிகக் கூர்மையாக விழுந்த பாத்திரம் அவள்.

யாரை அணியில் சேர்க்கிறார்கள், யாரைச் சேர்ப்பதில்லை என்பதில் சாதி இருக்கிறது. படம் அதை ஊசிபோல ஏற்றுகிறது, முழக்கமிடுவதில்லை. ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு அது வெறும் அணித்தகராறாகத் தோன்றும் அபாயம் உண்டு. படம் முடிந்ததும் இதை ஒரு கேள்வியாகப் போட்டுப் பேச விடுங்கள். ‘கெத்து’ என்ற சொல்லை மொழிபெயர்க்காதீர்கள். விஜயகாந்த் யார் என்பதை மட்டும் இரண்டு வரியில் முன்பே சொல்லிவிடுங்கள். ‘பொன்மனச் செல்வன்’ படப் பாட்டு ஒலிக்கும் இடங்களில் தாத்தாமார் கைதட்டுவது ஏன் என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

மூன்றாவது வாரத்துக்கு ‘வாழை’ (2024), ‘கடைசி விவசாயி’ (2022) இரண்டில் ஒன்று என்று இழுபறி வரும். கரும்புத் தோட்டத்தில் முன்னோர் பட்ட பாடு நினைவிருக்கும் ஊரில் வாழைத்தார் சுமக்கும் சிறுவனின் கதை நெஞ்சில் அறையும் என்பது உண்மை. தன் சிறுவயதிலிருந்து மாரி செல்வராஜ் எடுத்த படம். சனி ஞாயிறு வந்தாலே தார் சுமக்கப் போக வேண்டுமே என்று சிவனைந்தான் நடுங்குவதை அவ்வளவு நெருக்கத்தில் காட்டியிருக்கிறார். முதல் பாதியில் பள்ளிக்கூடமும் நண்பர்களின் ரஜினி, கமல் சண்டையும் அழகு. ஆனால் முடிவில் வரும் லாரி விபத்தும் அதன்பின் நீளும் ஒப்பாரியும் பத்து வயதுப் பிள்ளைக்கு ஆகாது. பெரியவர்களுக்குக்கூட, துக்கத்தை அடக்கத் தெரிந்த இயக்குநர் அந்த இறுதிப் பகுதியில் மட்டும் அடக்கவில்லையே என்று தோன்றும். பெரியவர்களுக்கென்று தனியாக ஒருநாள் வைத்தால் போடுங்கள்.

பொதுக்கூட்டத்துக்கு ‘கடைசி விவசாயி’தான். என் கணக்கில் இந்த மாதத்தின் உச்சமும் அதுவே. மணிகண்டன் இயக்கம், சந்தோஷ் நாராயணனும் ரிச்சர்ட் ஹார்வியும் இசை. மாயாண்டியாக வரும் நல்லாண்டி நடிகரல்ல, உண்மையான விவசாயி. படம் வெளிவருவதற்குள் காலமாகிவிட்டார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதோடு அவருக்கும் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. ஊர்த் தெய்வத்துக்கு நெல் வேண்டும், அதை விளைவிக்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். வயலில் செத்துக் கிடந்த மயில்களைப் புதைக்கப் போய், கொன்றதாக வழக்கு விழுகிறது. அவர் உள்ளே இருக்கும் நாட்களில் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை ஒரு காவலர் தலையில் விழுகிறது.

உங்கள் கூட்டத்துக்கு இது பொருந்த ஒரு நேரடிக் காரணம் உண்டு. பெரியவருக்குக் காது மந்தம், எல்லாரும் அவரிடம் மெதுவாக, உரக்க, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறார்கள். தமிழ் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் குடும்பங்களுக்கு அந்த நெல்லுக்கு ஏன் இவ்வளவு தவிப்பு என்று விளக்க வேண்டியதில்லை. விஜய் சேதுபதியின் ராமையா, இறந்த காதலி கூடவே வருவதாக நம்பி முருகனைத் தேடி அலைபவர். சென்னைத் திரையரங்கில் சிலர் அதைப் பித்து என்று பார்த்தார்கள். காவடி எடுத்துப் பழகிய டர்பன் மக்கள் அப்படிப் பார்க்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஓர் இடத்தை மட்டும் கவனியுங்கள். விதையில்லாத் தக்காளி பற்றிக் கடையில் பெரியவர் சொல்வதற்கு அரங்கமே வெடித்துச் சிரிக்கும். ‘விதை’ என்ற சொல்லுக்குத் தமிழில் இருக்கும் இரண்டாம் பொருள்தான் காரணம். ஆங்கில வரி ஒரு பொருளைத்தான் தாங்கும். அதைச் சப்டைட்டிலில் விளக்கி எழுத முனையாதீர்கள். சிரித்த ஆயாவிடம் பேரன் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். படத்தில் குறையும் உண்டு. யோகி பாபுவின் யானைக் கதை சொல்ல வந்ததைச் சொன்ன பிறகும் நீள்கிறது, நடுவில் அரை மணி நேரம் தொய்வு. அந்தத் தொய்வுக்கு முன் இடைவேளை விடுங்கள்.

‘பரதேசி’யைப் போடலாமே என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள், அதுவும் நவம்பர் 16 நெருங்கினால். 1860-இல் முதல் ஒப்பந்தத் தொழிலாளரோடு ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்ற நாள் அது. பாலாவின் படம் வலுவானதுதான். ஆனால் அதில் வருவது கங்காணி முன்பணம் கொடுத்துத் தேயிலைக் காட்டுக்கு நடத்திக் கூட்டிப்போகும் முறை. நேட்டாலுக்கு வந்தவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கடல் கடந்து வந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்து தங்கியவர்கள் மீது பின்னாளில் மூன்று பவுண்டு வரி விழுந்தது. இரண்டும் கொடுமைதான், ஆனால் ஒன்று இன்னொன்றல்ல. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இதுதான் நம் கதை என்று பிள்ளைகள் எழுதிவைத்தால் வரலாறு குழம்பிவிடும். விளக்கிச் சொல்ல ஆள் இருந்தால் மட்டும் போடுங்கள்.

மாதத்தில் ஐந்தாவது சனிக்கிழமை வந்தால் ‘கூழாங்கல்’. 75 நிமிடம்தான், பேச்சு குறைவு. வெயிலில் அப்பனும் மகனும் வீட்டுக்கு நடக்கிறார்கள், அவ்வளவே கதை. வினோத்ராஜின் இந்த முதல் படம் 2021-இல் ராட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்றது. அப்பன் வாயில் வசை கொட்டும், ஆகவே பிள்ளைகள் வேண்டாம். அவருடைய அடுத்த படம் ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது, முடிவும் திறந்தே கிடக்கும். முதல் மாதத்திலேயே அதைப் போட்டால் கூட்டம் குறையும்.

நான்காம் சனிக்கிழமை ‘மெய்யழகன்’ (2024). பிரேம்குமார் இயக்கியது. 1996-இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி, பல ஆண்டுக்குப் பின் தங்கை கல்யாணத்துக்கு ஊர்ப்பக்கம் வருகிறான். அங்கே ‘அத்தான், அத்தான்’ என்று ஒட்டிக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்கிறான் ஒருவன். அவன் பெயர் என்ன, என்ன உறவு என்று அருள்மொழிக்கு நினைவில்லை. கேட்கவும் கூச்சம். அரவிந்த்சாமி முகத்தில் அந்தக் கூச்சம் படம் முழுக்க ஓடுகிறது. கார்த்தி பேசிக்கொண்டே இருப்பது சில இடங்களில் மிகைதான், அந்த மிகை இல்லாமல் அருள்மொழியின் கூச்சம் வளராது.

படம் வெளியான சில நாளில் சுமார் 18 நிமிடம் வெட்டப்பட்டது. நீளமான பிரதிக்குச் செய்த சப்டைட்டிலைக் குறுகிய பிரதிக்குப் போட்டால் மேலே சொன்ன குதிக்கும் கோளாறு வரும். எந்தப் பிரதி என்று கேட்டு வாங்குங்கள். ஜல்லிக்கட்டும் வரலாறும் பேசும் இரவுக்காட்சி நீளமான பிரதியில் இழுக்கிறது. உங்கள் கூட்டத்துக்குக் குறுகியதே மேல். இன்னொன்று: காது கேளாதோருக்கான சப்டைட்டிலில் பேசுபவர் பெயர் ஒவ்வொரு வரிக்கு முன்னும் வரும். இந்தப் படத்தில் அந்தக் கோப்பைப் போட்டால், இரண்டரை மணி நேரம் அருள்மொழி தேடும் பெயர் முதல் சந்திப்பிலேயே திரையில் எழுதிக் காட்டப்படும். தலைப்பை வைத்து ஊகிக்கலாம் என்றாலும், கடைசியில் அந்தப் பெயர் வாய்விட்டு வரும் கணத்துக்காகத்தான் படமே. பெயர்களை நீக்கிய கோப்பைப் போடுங்கள். ‘அத்தான்’ ஆங்கிலத்தில் ‘கசின்’ ஆகியிருந்தால் எல்லா இடத்திலும் ‘அத்தான்’ என்றே மாற்றுங்கள்.

ஊர்ப்பெயர் தெரியாத குடும்பங்கள் சாட்ஸ்வர்த்தில் நிறைய. கவுண்டர் என்பதே ‘கோவெண்டர்’ ஆகிவிட்ட இடம் அது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும், பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம், தாலுகா, மாவட்டம் என்ற விவரமும் எழுதப்பட்டிருக்கிறது. வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் கிராமப் பெயர்கள் சிதைந்திருக்கும். தமிழில் உரக்கச் சொல்லிப் பார்த்தால் பலவற்றைக் கண்டுபிடிக்கலாம். முந்தைய வாரமே சொல்லி, வீட்டில் பழைய எண்ணோ தாளோ இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றை மேசையில் விரித்து வையுங்கள். அன்றைக்கு மட்டும் மண்டபத்தை ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமையாக மட்டும் இருக்க வேண்டாம், பாதிப் பேர் விரதத்திலும் பூசையிலும் இருப்பார்கள்.